டேலி ஆன கணக்கில் ஒரு பிழை

தென்மாவட்டத்தில் ஒரு கிராமத்துச் சபை. கிறிஸ்துமஸ் முடிந்து, புது வருடமும் பிறந்து, முதல் ஞாயிற்றுக்கிழமை. வாலிபர் ஐக்கியத்தின் கேரல் ரவுண்ட்ஸ் வரவு செலவுக் கணக்கை ஆராதனை முடிந்ததும் சபையார் முன்னால் வாசிப்பது அங்கே வழக்கம். யார் யார் எவ்வளவு காணிக்கை கொடுத்தார்கள் என்று பெயரோடு வாசிப்பார்கள். அந்த வருடம் பொருளாளர் ஒரு பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவன். வகுப்பில் கணக்குப் பதிவியலில் எப்போதும் முதல் மூன்று பேருக்குள் வருகிறவன். போன வருடம் கணக்கு வைத்திருந்த அண்ணன் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்து வாசித்ததை எல்லோரும் கேலி செய்திருந்தார்கள். இவன் அப்படியில்லை. கம்ப்யூட்டரில் அடித்து, இரண்டு பக்கமும் கோடு போட்டு, பிரிண்ட் எடுத்து வந்திருந்தான்.

மொத்த வரவு ரூ.18,450. மொத்தச் செலவு ரூ.7,200. கையிருப்பு ரூ.11,250. பெட்டியில் இருந்த பணத்தை எண்ணினால் சரியாக ரூ.11,250. ஒரு ரூபாய் கூட இல்லை, குறைவும் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

கலைந்து போகிற நேரத்தில் கோயில் மணி அடிக்கும் பெரியவர் அவன் பக்கத்தில் வந்து நின்றார். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கேரல் போன அத்தனை இரவும் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர்.

"தம்பி, மேலத்தெருவுல இட்லி அவிச்சு விக்கிற அந்த அம்மா ஐந்நூறு குடுத்தாங்கல்லா. அது நீங்க வாசிச்சதுல வரலையே?"

"எல்லாம் எழுதியாச்சு ஐயா."

"இல்ல தம்பி, பேரு வரலை. நான் கவனிச்சு கேட்டேன்."

சுற்றி நண்பர்கள் நின்றார்கள். அவனுக்குச் சுருக்கென்றது. "ஐயா, கணக்கு டேலி ஆயிருக்கு. ஐந்நூறு விட்டுப்போயிருந்தா எப்படி டேலி ஆகும்? உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, விடுங்க" என்றான். யாரோ ஒருவன் சிரித்தான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்தப் போய்விட்டார்.

அன்று இரவு படுத்த பிறகுதான் அவனுக்கு அது நினைவுக்கு வந்தது. கடைசி நாள் இரவு, மேலத்தெரு. அந்த அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாய்த் தாளை அவிழ்த்துக் கொடுத்தார்கள். ரசீதுப் புத்தகம் வேனில் இருந்தது. 'அப்புறம் எழுதிக்கொள்ளலாம்' என்று சட்டைப் பையில் வைத்தான். அடுத்த முனையிலேயே வேன் டிரைவர் டீசலுக்கு ஐந்நூறு கேட்டார். பையில் இருந்ததை எடுத்து அப்படியே கொடுத்துவிட்டான். வரவிலும் எழுதவில்லை, செலவிலும் எழுதவில்லை. உண்மையான வரவு ரூ.18,950. உண்மையான செலவு ரூ.7,700. கையிருப்பு அதே ரூ.11,250!

கணக்கு டேலி ஆகிவிட்டது. ஆனால் ஒரு விதவைத் தாயின் பெயர் விட்டுப்போய்விட்டது. அந்த அம்மா பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பட்டியல் முழுவதையும் கேட்டுவிட்டு, எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

இருப்பாய்வு காட்டிக் கொடுக்காத பிழைகள்

பிளஸ் ஒன்னில் வணிகவியல் எடுத்த எல்லோருக்கும் இந்தப் பாடம் தெரியும். இருப்பாய்வின் பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் சமமாக இருந்தால் கணக்கு சரி என்று நினைத்துவிடக் கூடாது. சில பிழைகளை இருப்பாய்வு காட்டிக் கொடுக்கும். சிலவற்றைக் காட்டவே காட்டாது. ஒரு நடவடிக்கையை ஏட்டில் அறவே எழுதாமல் விட்டால் அது முழு விடு பிழை. கடைக்கு வாங்கிய நாற்காலியைக் கொள்முதல் கணக்கில் எழுதினால் அது விதிப் பிழை. ஒரு தவறை இன்னொரு தவறு சரிக்கட்டிவிட்டால் அது ஈடுசெய் பிழை. இந்த மூன்றிலும் கூட்டல் அழகாகச் சமமாகும். கணக்கு எழுதியவன் நிம்மதியாகத் தூங்கப் போவான்.

சமமாகாத கணக்கு ஒரு வகையில் நல்லது. வித்தியாசத் தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டு வைத்துவிட்டு, எங்கே தப்பு என்று தேடலாம். சமமான கணக்கில்தான் ஆபத்து. அங்கே எழுதியவனுக்குத் தேடத் தோன்றாது. வெளியிலிருந்து வேறொருவர் வந்து சொல்ல வேண்டும். தணிக்கையாளர் என்று ஒருவரை வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மனிதனின் உள்ளத்துக் கணக்கும் ஏறத்தாழ இப்படித்தான். தன் தப்பு தனக்கே தெரிந்தால் ஒருவன் எப்படியாவது திருத்திக்கொள்வான். தெரியாத தப்புதான் பிரச்சனை. அவனுடைய கூட்டலில் எல்லாம் சரியாக வருகிறது. அதனால்தான் யாராவது சுட்டிக்காட்டும்போது அவனுக்குக் கோபம் வருகிறது. அவன் பொய் சொல்லவில்லை; உண்மையாகவே அவன் கணக்கில் அது சரியாக இருக்கிறது!

சீஷன் என்றால் யார்?

கிறிஸ்தவர் என்ற பெயர் எங்கே பிறந்தது தெரியுமா? சிரியாவில் இருந்த அந்தியோகியா நகரத்தில் (அப்போஸ்தலர் 11:26). அதற்கு முன்பும் பின்பும் இயேசுவைப் பின்பற்றியவர்களுக்கு வழங்கிய சாதாரணப் பெயர் சீஷர்கள். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கற்றுக்கொள்கிறவன் என்று பொருள். அதாவது, கிறிஸ்தவன் ஆவதற்கு முன்னால் அவன் மாணவன்.

பழைய ஏற்பாட்டின் நீதிமொழிகள் புத்தகத்தில் அடிக்கடி வரும் எபிரெயச் சொல் ஒன்று உண்டு: மூசார். போதனை என்றும் அர்த்தம், கண்டித்துத் திருத்துதல் என்றும் அர்த்தம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல். கற்றுக்கொள்வதில் பாதி, தவறைக் கேட்டுக்கொள்வதுதான் என்று அந்த மக்கள் நினைத்திருக்கிறார்கள். அதே புத்தகத்தின் 12-ஆம் அதிகாரம், கண்டிப்பை வெறுக்கிறவனை மாட்டோடு மாடாகவே சேர்த்துவிடுகிறது. 9-ஆம் அதிகாரமோ ஞானிக்கு ஓர் அடையாளம் சொல்கிறது: அவனைக் கண்டித்தால், கண்டித்தவர் மேல் அவனுக்கு அன்பு கூடும்.

இயேசுவைப் பற்றி லூக்கா எழுதும்போதும் இதைக் கவனிக்கலாம். பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் அவர் உட்கார்ந்திருந்த காட்சியில், முதலில் சொல்லப்படுவது அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது. கேள்வி கேட்டது அதற்கு அடுத்துதான் வருகிறது.

திருத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

சபைகளில், வாலிபர் முகாம்களில் 'கற்றுக்கொள்கிற மனம் வேண்டும்' என்று அடிக்கடி பேசுவார்கள். பெரும்பாலும் அது பெரியவர்கள் சின்னவர்களைப் பார்த்துச் சொல்வது. போதகர் சபையாருக்கு, அப்பா மகனுக்கு, சீனியர் ஜூனியருக்கு. அது தவறில்லை. ஆனால் வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்தால், மறக்க முடியாத திருத்தங்கள் பல மேலிருந்து கீழே வரவில்லை. கீழிருந்தோ வெளியிலிருந்தோ, யாரும் எதிர்பார்க்காத ஆளிடமிருந்து வருகின்றன.

முதலில் நாகமான் (2 இராஜாக்கள் 5). சீரியா நாட்டின் படைத்தலைவன். தொழுநோய். எலிசா தீர்க்கதரிசியைத் தேடிப் போகச் சொன்னதே அவன் வீட்டில் வேலை செய்த சிறைப்பிடித்து வந்த ஒரு சின்னப் பெண். குதிரை, ரதம் எல்லாவற்றோடும் போய் நிற்கிறான். எலிசா வெளியே வந்து பார்க்கக்கூட இல்லை. யோர்தானில் ஏழு முறை முழுகச் சொல்லி ஆள் அனுப்புகிறார். நாகமானுக்கு வந்தது பாருங்கள் கோபம்! எங்கள் ஊரில் இல்லாத ஆறா என்று திரும்பிப் புறப்பட்டுவிட்டான். அப்போது அவனை நிறுத்தியவர்கள் அவனுடைய வேலைக்காரர்கள். கஷ்டமான காரியம் ஏதாவது சொல்லியிருந்தால் செய்திருப்பீர்களே, சுலபமானதைச் செய்யக் கூடாதா என்று பக்குவமாகக் கேட்டார்கள். படைத்தலைவன் வேலைக்காரர் பேச்சைக் கேட்டு ஆற்றில் இறங்கினான். சுகமானான். அவன் ஆற்றில் முழுகியதைவிட, அதற்கு முன்னால் ரதத்தைத் திருப்பியதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

அடுத்து மோசே (யாத்திராகமம் 18). இவரை மேலாண்மைப் பாடம் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எகிப்திலிருந்து ஒரு ஜனத்தையே வெளியே கொண்டுவந்தவர். கடவுளோடு பேசுகிறவர். காலை முதல் மாலை வரை தனி ஆளாக உட்கார்ந்து எல்லோருடைய வழக்கையும் விசாரிக்கிறார். ஊரிலிருந்து வந்த மாமனார் எத்திரோ இதைப் பார்த்துவிட்டு, நீர் செய்வது சரியில்லை, நீரும் களைத்துப்போவீர், ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்கிறார். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பதுக்கு, பத்துக்கு என்று தலைவர்களை வைக்கச் சொல்கிறார். இன்று அதிகார ஒப்படைப்பு என்று பாடப் புத்தகம் சொல்லும் சமாசாரம்! எத்திரோ மீதியான் தேசத்து ஆசாரியர், இஸ்ரவேலர் அல்ல. 'கடவுளே என்னோடு பேசுகிறார், நீங்கள் யார் சொல்ல?' என்று மோசே கேட்டிருக்கலாம். அதுவும் மாமனார்! ஆனால் மோசே அவர் சொன்னபடியெல்லாம் செய்தார் என்று எழுதியிருக்கிறது.

மூன்றாவது அப்பொல்லோ (அப்போஸ்தலர் 18). அலெக்சந்திரியாவில் பிறந்த யூதர். பேச்சில் வல்லவர், வேதத்தில் கரை கண்டவர், ஆர்வமும் அதிகம். எபேசுவுக்கு வந்து ஜெப ஆலயத்தில் தைரியமாகப் பேசுகிறார். பேசியது தவறில்லை, ஆனால் முழுமையில்லை. யோவானின் ஞானஸ்நானம் வரைதான் அவருக்குத் தெரியும். கூட்டத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற கணவனும் மனைவியும் இருந்தார்கள். கூடாரம் செய்து பிழைக்கிறவர்கள். கிலவுதியு ராயன் யூதர்களை ரோமாபுரியை விட்டு விரட்டியபோது அகதிகளாக வந்தவர்கள். அவர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, நீர் சொல்வது தப்பு என்று கத்தவில்லை. அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, தனியாக விளக்கிச் சொன்னார்கள்.

மேடையில் கைதட்டல் வாங்கும் பேச்சாளர். சொல்லிக்கொடுப்பதோ ஊசியும் தோலும் பிடித்துக் காய்ப்பேறிய கைகள். அதில் ஒன்று பெண்ணின் கை. அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயமில்லை. அப்பொல்லோ கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அகாயா நாட்டுக்குப் போய் அங்கிருந்த விசுவாசிகளுக்கு மிகவும் உதவியாக இருந்தார். தான் நட்டதற்கு அப்பொல்லோ தண்ணீர் ஊற்றினார் என்று பவுல் பின்னால் கொரிந்து சபைக்கு எழுதினார். கூடாரம் செய்கிறவர்களின் வீட்டில் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் அந்தத் தண்ணீர் கொரிந்துவரை போயிருக்காது.

இரண்டு ராஜாக்கள், இரண்டு பதில்கள்

தவறு செய்யாதவர் என்று யாரும் இல்லை. பிடிபட்ட பிறகு என்ன சொல்கிறார்கள் என்பதில்தான் ஆட்கள் பிரிகிறார்கள்.

இஸ்ரவேலின் முதல் ராஜா சவுல். யுத்தத்தில் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்று உத்தரவு. நல்ல ஆடுமாடுகளை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு, சொன்னபடி செய்துவிட்டேன் என்று சாமுவேலிடம் சொல்கிறார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஆடு கத்துகிறது! அது என்ன சத்தம் என்று கேட்டால், ஜனங்கள்தான் மிச்சம் வைத்தார்கள், அதுவும் பலி கொடுப்பதற்குத்தான் என்கிறார். கடைசியில் வேறு வழியில்லாமல் தப்புதான் என்று ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட மூச்சிலேயே, ஆனாலும் மூப்பர்கள் முன்னால் என்னைக் கௌரவப்படுத்தும் என்று கேட்கிறார் (1 சாமுவேல் 15). பாவத்தைவிட மானம் போவதுதான் அவருக்குப் பெரிய கவலை.

அடுத்த ராஜா தாவீது. அவர் செய்தது சவுல் செய்ததைவிடச் சின்னது என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அந்தக் கணவனையும் யுத்தத்தில் சாகடித்தார். குழந்தையும் பிறந்துவிட்டது. மாதக்கணக்கில் அவர் கணக்கு டேலி ஆகித்தான் இருந்தது. நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொன்னார். தாவீது கொதித்துப்போய்த் தீர்ப்புச் சொன்னார். அந்த மனிதன் நீர்தான் என்றார் நாத்தான். தாவீது ஜனங்களைக் காட்டவில்லை, சூழ்நிலையைக் காட்டவில்லை. பாவம் செய்தேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் (2 சாமுவேல் 12). விளைவுகள் அவரை விட்டுவிடவில்லை. குடும்பத்தில் துயரத்துக்கு மேல் துயரம் வந்தது. ஆனால் நாத்தானை அவர் விரட்டவில்லை. பிற்காலத்தில் பத்சேபாளிடம் பிறந்த மகன்களில் ஒருவனின் பெயரும் நாத்தான் (1 நாளாகமம் 3:5). தன்னைக் கண்டித்தவரின் பெயரைத் தன் வீட்டில் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார் தாவீது!

பேதுருவையும் சொல்லாமல் விட முடியாது. மேலே சொன்ன அதே அந்தியோகியாவில், யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து எழுந்துகொண்டார். பவுல் எல்லோருக்கும் முன்னால் அவரை எதிர்த்துக் கேட்டார் (கலாத்தியர் 2). இயேசுவோடு மூன்று வருடம் நடந்தவரை, ஒரு காலத்தில் சபையைத் துன்பப்படுத்தியவர் கேட்கிறார். பேதுருவின் இரண்டாம் நிருபத்தின் முடிவில் பவுலைப் பற்றி ஒரு சொல் வருகிறது: பிரியமான சகோதரன்.

மணலில் எழுதிய பாதிரிகள்

இது வேதாகமக் காலத்தோடு முடிந்த கதை இல்லை. தமிழ் வேதாகமம் கையில் இருப்பதற்கே இதுதான் காரணம். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க், புளூட்சோ இருவரும் ஜெர்மனியில் படித்தவர்கள். சீகன்பால்கிற்கு வயது இருபதுகளின் தொடக்கம், இன்று கல்லூரியில் இருப்பவர்களின் வயது. போதிக்க வந்தவர்கள் முதலில் செய்தது, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து விரலால் மணலில் அ, ஆ எழுதியது. 'அப்படியில்லை' என்று வாத்தியார் மட்டுமல்ல, பக்கத்திலிருந்த பொடியன்களும் திருத்தியிருப்பார்கள். அந்த மணலில் தொடங்கியது 1715-இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடாக முடிந்தது.

அதுவும் முடிவு இல்லை. அதை 1772-இல் பப்ரிசியஸ் புதிதாகத் திருத்தி எழுதினார். 1850-இல் வெளிவந்த யாழ்ப்பாண மொழிபெயர்ப்பில் பெர்சிவல் பாதிரியாருக்கு உதவியவர் ஆறுமுக நாவலர், சைவத்தின் பெரும் அறிஞர். மோசேக்கு எத்திரோ மாதிரி! 1871-இல் பவர் தலைமையில் வந்த திருத்தம்தான் இன்றும் பல சபைகளில் வாசிக்கப்படுகிறது. 1995-இல் திருவிவிலியம் வந்தது. பரிசுத்த வேதாகமத்தின் தமிழே இத்தனை முறை திருத்தத்துக்கு உட்பட்டிருக்கும்போது, அதை வாசிக்கிறவன் மட்டும் திருத்தத்துக்கு அப்பாற்பட்டவனா?

எல்லாக் கண்டிப்பும் சரியானதா?

இல்லை. இதையும் வேதாகமமே சொல்கிறது. யோபுவின் மூன்று நண்பர்கள் பக்கம் பக்கமாக அவரைக் கண்டித்தார்கள். நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் இப்படி என்றார்கள். கடைசியில் கடவுளின் கோபம் யோபுவின் மேல் வரவில்லை, அந்த நண்பர்கள் மேல் வந்தது (யோபு 42:7). ஆகவே யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவதற்குப் பெயர் கற்றுக்கொள்கிற மனம் இல்லை. சொன்னது உண்மையா என்று பார்க்க வேண்டும். சொன்ன ஆளின் படிப்பு, சாதி, வயது, வசதி இவற்றைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. சில இடங்களில் கேள்வி கேட்கிறவன் வாயை அடைக்கவே 'உனக்குத் தாழ்மை இல்லை' என்று சொல்வார்கள். காணிக்கைக் கணக்கைக் கேட்டால் கீழ்ப்படியாதவன் என்பார்கள். திருத்தத்தை எப்போதும் கொடுக்க மட்டும் தெரிந்து, வாங்கவே தெரியாத தலைவர் சவுலின் பக்கத்தில்தான் நிற்கிறார். கற்றுக்கொள்கிற மனம் யாருக்கு அதிகம் வேண்டும்? யாருடைய தவறு அதிகம் பேரைப் பாதிக்குமோ அவருக்கு.

திருத்துகிறவருக்கும் விதிகள் இருக்கின்றன. முதலில் தன் கண்ணில் இருக்கும் உத்திரத்தைக் கவனிக்க வேண்டும் (மத்தேயு 7). முதலில் தனியாகப் போய்ப் பேச வேண்டும் (மத்தேயு 18). சாந்தமாகச் சொல்ல வேண்டும், தனக்கும் அப்படி நேரலாம் என்ற பயத்தோடு (கலாத்தியர் 6). அந்தக் கோயில் மணி அடிக்கும் பெரியவர் இந்த மூன்றையும் செய்திருந்தார். கூட்டத்தில் கையை உயர்த்தாமல், எல்லோரும் கலைந்த பிறகு, பக்கத்தில் வந்து, 'தம்பி' என்று ஆரம்பித்தார். அதைக் கூட்டமாக்கியது அந்த மாணவன்தான்.

ஏன் இவ்வளவு வலிக்கிறது?

எபிரெயர் நிருபம் 12-ஆம் அதிகாரம் ஒளிக்காமல் சொல்கிறது: எந்தச் சிட்சையும் அந்த நேரத்தில் சந்தோஷமாக இருக்காது. வலிக்கும். ஏனென்றால், தப்பு என்று ஒருவர் சொல்லும்போது மனிதனின் காதில் அது 'நீ ஒன்றுக்கும் ஆகாதவன்' என்று விழுகிறது. அந்த மாணவனுக்கு விட்டுப்போன ஐந்நூறு ரூபாய் பெரிதாக இல்லை. 'கணக்கில் கெட்டிக்காரன்' என்ற பெயர்தான் பெரிதாக இருந்தது. பெயரைக் காப்பாற்ற அவன் ஒரு தாயின் பெயரை விட்டுக்கொடுத்தான்.

கிறிஸ்தவ விசுவாசம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. கொலோசெயர் 2:14-இல், மனிதனுக்கு விரோதமாக இருந்த ஒரு கையெழுத்துப் பத்திரத்தைச் சிலுவையில் ஆணியடித்து இல்லாமல் ஆக்கியதாகப் பவுல் எழுதுகிறார். அந்த இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், கடன் வாங்கியவன் தன் கையால் எழுதிக் கொடுக்கும் கடன் சீட்டைக் குறிப்பது. இன்றைய பாஷையில் புரோநோட்டு. புரோநோட்டு ரத்தான பிறகு கடன்காரன் யாரைப் பார்த்தும் ஒளிய வேண்டியதில்லை. கடவுள் தன்னை ஏற்றுக்கொண்டது தன் கணக்கு டேலி ஆனதற்காக இல்லை என்று உண்மையாக நம்புகிறவனால்தான், 'ஆமாம், இங்கே ஒரு பிழை இருக்கிறது' என்று சொல்ல முடியும். தணிக்கையாளரைப் பார்த்து பயப்படுவது ஒளிக்க ஏதாவது இருக்கிறவன்தான்.

ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீன் இதற்கு நல்ல உதாரணம். 427-ஆம் ஆண்டு வாக்கில், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, தான் அதுவரை எழுதிய நூல்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, இங்கே தவறு, இங்கே அவசரப்பட்டேன் என்று குறித்து ஒரு தனிப் புத்தகமே எழுதினார். 93 நூல்கள்! மேற்கத்தியத் திருச்சபை முழுவதும் மதித்த மனிதர், தன் கையாலேயே பிழைத்திருத்தப் பதிவு போட்டார்.

மறுவாரம்

அந்த மாணவன் மறுநாள் காலையிலேயே பெரியவர் வீட்டுக்குப் போனான். அவர் முற்றத்தில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தார். "ஐயா, நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் எழுதாம விட்டுட்டேன். அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அது கெடக்கு தம்பி. அந்த அம்மாவைப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். அவனுக்குச் செய்ய வேண்டியது எதுவென்று அதற்கும் அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அங்கிருந்து நேராக மேலத்தெரு. இட்லிக் கடை முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அந்த அம்மா, "பேருக்காகவா கொடுத்தேன், விடுப்பா" என்றார்கள். ஆனால் சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறியது. அவன் ரசீது எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்று, போன வாரம் வாசித்த கணக்கில் ஒரு பிழை இருந்தது, அதைக் கோயில் மணி அடிக்கும் ஐயாதான் கண்டுபிடித்துச் சொன்னார் என்று சொல்லி, புதிய கணக்கை வாசித்தான். வரவு ரூ.18,950. செலவு ரூ.7,700. கையிருப்பு அதே ரூ.11,250. இந்த முறை யாரும் கை தட்டவில்லை. கடைசி வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது.

அடுத்த வருடமும் அவன்தான் பொருளாளர். கணக்கை வாசிப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், கோயில் படிக்கட்டில் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக அவருக்கு வாசித்துக் காட்டினான். இரண்டு இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். ஒரு இடத்தில் அவர் சொன்னது தவறு. இன்னொரு இடத்தில் சரி.

நண்பர்களே, உங்கள் கணக்கை யாரிடம் வாசித்துக் காட்டுகிறீர்கள்?